சாயாத மாப்பிள்ளை

டிவியில் பந்து இடது பக்கம் போனதும் நாங்கள் எல்லோரும் வலது பக்கம் சாய்ந்தோம். நான், என் மச்சான், என் மகள், மூன்று பேரும் ஒரே நேரத்தில். சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் அடித்து வைத்த முளை மாதிரி நேராக இருந்தார். அவர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது அப்போதுதான்.

அவர் என் மகள் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர். லிஃப்ட் மெக்கானிக். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வந்து செருப்பைக் கழற்றிய கையோடு, "நானும் சின்ன வயசுலேர்ந்து பட்டறைதான் சார்" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் டிவிக்கு நேரே உட்காரவைத்தேன். என் வீட்டில் அந்த இடம் எல்லோருக்கும் கிடைத்துவிடாது.

பட்டறை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இரண்டு கால்பந்து கிளப். இரண்டுக்கும் தனித்தனி ஸ்டேடியம். எங்கள் கிளப்புடையது பழசு. முன்பு அந்த இடத்தில் இரும்புப் பட்டறை இருந்ததால் ஸ்டேடியத்துக்கும் அந்தப் பேரே நின்றுவிட்டது. காசு கிடைத்தபோதெல்லாம் ஒவ்வொரு பக்கமாகக் கட்டியதால் நாலு பக்கமும் நாலு தினுசாக இருக்கும். தகரக் கூரை, மரப்பலகைத் தரை, கூரையைத் தாங்க வரிசையாக இரும்புத் தூண்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது மற்றவர்களுடைய ஸ்டேடியம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி என்பதால் அதற்குக் கண்ணாடி என்றே பேர். இந்த ஊரில் ஒருவன் பட்டறைக்காரனாக இருப்பான், இல்லை கண்ணாடிக்காரனாக இருப்பான். இரண்டும் இல்லாதவன் வெளியூர்க்காரன்.

நாங்கள் உட்காரும் பகுதிக்கும் இடது பக்க கோலுக்கும் நடுவே ஒரு தூண் நிற்கிறது. பந்து அந்தப் பக்கம் போனால் தலையைச் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு திசையில் சாய்ந்தால் ஒருவர் மண்டை இன்னொருவரை மறைக்கும் இல்லையா? அதனால் எல்லோரும் வலது பக்கம்தான் சாய வேண்டும். யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனால் இடது பக்கம் சாய்ந்தவன் அடுத்த தடவை அந்த வரிசையில் உட்கார முடியாது. பழகிப்பழகி அது உடம்பிலேயே ஊறிவிட்டது. வீட்டு டிவிக்கு முன்னால் தூணும் இல்லை துரும்பும் இல்லை, இருந்தாலும் சாய்வோம். என் மனைவி இதைப் பார்த்துச் சிரிக்காத நாள் கிடையாது.

சின்ன வயதிலிருந்து பட்டறையில் வளர்ந்த ஒருவர் சாயாமல் இருக்க முடியுமா? சரி, புது இடம், கூச்சமாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கோல் விழுந்தது. நானும் மச்சானும் இரண்டு காலாலும் தரையைத் தட்டினோம். பட்டறையில் அப்படித்தான், பலகைத் தரை அதிர வேண்டும். கீழ் வீட்டுக்காரர் இதற்காக மேலே ஏறி வந்து சண்டை போட்டிருக்கிறார். லிஃப்ட்காரர் தட்டவில்லை. கையைக்கூடத் தட்டவில்லை. தலையை அண்ணாந்து எங்கள் வீட்டுக் கூரை மூலையைப் பார்த்தார்.

அந்த மூலையில் ஒட்டடையைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணாடியில், கூரையின் மூலைகளில் ராட்சத டிவிகள் தொங்குவது ஊருக்கே தெரியும். அங்கே கோல் விழுந்ததும் எல்லோரும் மேலே அண்ணாந்து அதையே இன்னொரு தடவை பார்ப்பார்கள். பட்டறையில் அந்த வசதி கிடையாது, கண்ணை மூடித் திறப்பதற்குள் கோல் போனால் போனதுதான். என் வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு, என் வீட்டுக் கெட்டிக் காப்பியைக் குடித்துக்கொண்டு, ஒரு கண்ணாடிக்காரர் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்.

என் தொழிலைச் சொன்னால் இது ஏன் எனக்கு மட்டும் கண்ணில் பட்டது என்று புரியும். நான் இன்சூரன்ஸ் சர்வேயர். வண்டி மோதிவிட்டது என்று வருகிறவர்களிடம் எங்கே, எப்படி, எந்தப் பக்கம் என்று கேட்டு, நசுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்து, இது மோதி நசுங்கியதா இல்லை சுத்தியலால் அடித்து நசுக்கியதா என்று சொல்வது என் வேலை. அழுதுகொண்டு வருகிறவர்களையும் நம்பியதில்லை, சிரித்துக்கொண்டு வருகிறவர்களையும் நம்பியதில்லை. இத்தனை வருஷத்தில் என்னை ஏமாற்றியவர்கள் மிகக் குறைவு.

இடைவேளையில் அவரைக் காற்றாட பால்கனிக்குக் கூட்டிப்போனேன். பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி ஆரம்பித்தேன்.

"எந்த கேட் வழியா உள்ள போவீங்க தம்பி?"

"ஆறாம் நம்பர் சார். அந்தக் கதவு முழுசாத் திறக்காது. ஒருக்களிச்சுதான் போகணும்."

சரிதான்.

"டீ குடிப்பீங்களா அங்க?"

"அது டீயா சார்? வெந்நீர்ல கலர் கலந்து குடுப்பாங்க. ஆனா கப்பைக் கையில வச்சுக்கிட்டா கதகதன்னு இருக்கும்."

அதுவும் சரி. ரொம்பச் சரி. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நிஜமாக வண்டியை மோதினவன் தடுமாறுவான், முன்னால் சொன்னதைப் பின்னால் மாற்றிச் சொல்வான். வீட்டில் உட்கார்ந்து கதை கட்டினவன்தான் தண்ணீர் பட்ட பாடாக ஒப்பிப்பான்.

"சீட்டெல்லாம் எப்படி? வசதியா?"

"அதுதான் சார் கொடுமை. தூண் மறைக்கும். இடது பக்க கோல் சுத்தமாத் தெரியாது."

மாட்டினார். "சுத்தமா எப்படித் தெரியாமப் போகும்? கொஞ்சம் சாஞ்சாப் போதுமே?" என்றேன்.

அவர் முகம் மாறியது. கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே ஹாலில் இருந்த என் மகளை ஒரு பார்வை பார்த்தார். "சில சீட்லேர்ந்து சாஞ்சாலும் தெரியாது சார்" என்று மென்று முழுங்கினார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. யாரோ சொல்லிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து வந்திருக்கிறார், அதிலும் கோட்டை விட்டுவிட்டார் என்று எனக்குத் தெளிவாகிவிட்டது.

அவர் போனதும் சமையலறைக்குப் போய் என் மனைவியிடம் விஷயத்தை உடைத்தேன். அவள் ஸ்கூலில் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்துகிற மாதிரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்கு வீட்டுக்கு வர்றவங்க எல்லாருமே நசுங்குன காருதான். பந்து எந்தப் பக்கம் போனா அவருக்கு என்னங்க? மனுஷன் நல்லவரா, குடிக்காம கொள்ளாம இருக்காரா, அதைப் பாருங்க."

"நான் கண்ணாடிக்காரன்னு நேரா சொல்லியிருந்தா ரெண்டு நாளு சோறு இறங்காது, அப்புறம் நானே ஒத்துக்கிட்டிருப்பேன். மறைச்சாரு பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல. இதுக்கே இப்படிப் பொய் சொல்ற மனுஷன் நாளைக்கு என் பொண்ணுகிட்ட என்னென்ன சொல்லுவாரு?"

"அவரு என்ன கொலையா பண்ணிட்டாரு?"

"தேதி பாக்கறதை இப்போதைக்குத் தள்ளி வை. பொய்யின்னு உறுதியாச்சுன்னா இந்தக் கல்யாணம் கிடையாது. அவ்வளவுதான்."

மகள் வாசல் நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அவள் ஒரே பெண், ஆஸ்பத்திரி லேபில் வேலை. அழுவாள், இல்லை சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "விசாரிச்சே ஆகணுமாப்பா?" என்று மட்டும் கேட்டாள். "ஆமா" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த ஆளால் என் பெண் முகம் வாடியதே என்று எனக்கு அவர் மேல் இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த சனிக்கிழமை கண்ணாடியில் மேட்ச். பட்டறைக்காரனாகப் பிறந்து அந்த வாசலை மிதிப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். மச்சானிடம் சொல்லவில்லை, சொன்னால் சாகும்வரை சொல்லிச்சொல்லிக் காட்டுவார். மனைவியிடம் ஒரு வண்டியைப் பார்க்கப் போகிறேன் என்றேன். மகள் டியூட்டிக்குக் கிளம்பிப் போயிருந்தாள். ரெண்டு வருஷமாக அவளுக்குச் சனிக்கிழமை தவறாமல் டியூட்டி. அதனால் பட்டறையில் என் பக்கத்தில் அவளுடைய சீட் காலியாகவே கிடக்கும், நான் பையை வைத்துக்கொள்வேன். அந்த ஆஸ்பத்திரிக்காரர்களை நான் திட்டாத திட்டு கிடையாது. தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வாசலிலேயே எனக்கு உறுத்தியது. தள்ளுமுள்ளு இல்லை. ஒரு பெண் சிரித்துக்கொண்டே, "வாங்க சார், படி பாத்து ஏறுங்க" என்றாள். கால்பந்து பார்க்க வருகிறவனை எதற்கு இப்படி வரவேற்க வேண்டும்? எங்கள் ஆறாம் நம்பர் கேட்டில் நிற்கிறவர் இத்தனை வருஷத்தில் என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. அதுதான் இயல்பு. படிகள் அகலமாக, உயரம் குறைவாக, ஓரத்தில் மஞ்சள் பட்டை போட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடியோடு இருந்தன. ஆளைச் சோம்பேறியாக்கும் வேலை என்று நினைத்துக்கொண்டே கைப்பிடியைப் பிடித்து ஏறினேன்.

குறை கண்டுபிடிப்பதற்கென்றே கழிப்பறைக்குள் போனேன். தரை காய்ந்திருந்தது. கதவுகளில் தாழ்ப்பாள் இருந்தது. குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பாகத் தண்ணீர். மூடித் திறந்தேன், மறுபடியும் வெதுவெதுப்பு. எதையோ மறைக்கிறவன்தான் இப்படி எல்லாவற்றையும் பளபளவென்று வைத்திருப்பான். மறுநாள் விற்கப்போகிற பழைய காரைக் கழுவித் துடைத்து நிறுத்துவார்களே, அந்த மாதிரி. வெளியே வந்தால் பெண்களுக்கு எங்களுக்கு இருந்ததைவிடப் பெரிய இடமாக ஒதுக்கியிருந்தார்கள். இதெல்லாம் யாருக்காக இத்தனை ஆடம்பரம் என்று முணுமுணுத்துக்கொண்டு என் இடத்துக்குப் போனேன்.

உட்கார்ந்தால் மொத்த மைதானமும் தெரிந்தது. ஒரு தூண் கிடையாது. இரண்டு கோல், நாலு மூலை, எல்லாம் விரித்த பாய் மாதிரி கண்ணுக்கு முன்னால் கிடந்தது. இது எனக்குக் கொஞ்சம் திகைப்பாகவே இருந்தது. என்னதான் மறைக்கிறார்கள் என்று முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் எல்லோரும் சேர்ந்து கத்தியபோதுதான் கண்டுபிடித்தேன். சத்தம் இல்லை! அவ்வளவு கூட்டம் கத்தியும் சத்தம் மேலே போய்க் காற்றோடு கலந்துவிட்டது. எங்கள் தகரக் கூரைக்குக் கீழே நூறு பேர் கத்தினால் ஆயிரம் பேர் கத்தின மாதிரி இருக்கும். ஆட்டக்காரர்களும் இங்கே எட்டத்தில் ஓடினார்கள். பட்டறையில் முன்வரிசையில் உட்கார்ந்தால் அவர்கள் மூச்சு வாங்குவதும் கேட்கும், வாய்க்குள் திட்டுவதும் கேட்கும். அப்பாடா என்று எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

வந்த வேலையைப் பார்க்க எழுந்தேன். ரொம்பத் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் பட்டறையில் லிஃப்ட் என்ற பேச்சே கிடையாது, இங்கே பக்கத்துக்கு ஒன்று. மூன்றாவது லிஃப்டின் வாசலில் கழுத்தில் அட்டை, கண்ணாடி கிளப்பின் நீலச் சட்டையோடு அவர் நின்றுகொண்டிருந்தார். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவரை உள்ளே ஏற்றிவிட்டு, அவர் கம்பளியைச் சரிசெய்துவிட்டார். நடிப்பு இவருக்குக் கைவந்த கலை என்று பாப்கார்ன் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பட்டறையாம்!

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மெக்கானிக் வந்து லிஃப்ட் பக்கத்தில் நின்றுகொண்டார். நம்ம ஆள் கடையில் இரண்டு டீ வாங்கிக்கொண்டு கீழ்ப் படிகளில் இறங்கினார். ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு டீ? பின்னாலேயே இறங்கினேன். ஒரு வரிசையின் ஓரத்தில் நின்று, குனிந்து, அங்கே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் ஒரு கப்பைக் கொடுத்தார். அவள் கழுத்தில் நீலத் துண்டு. கப்பை வாங்கும்போது அவர் கையை உரிமையோடு தட்டிக்கொடுத்தாள். கண்ணாடிக்காரன் மட்டும் இல்லை, கூடவே இன்னொருத்தி! நல்லவேளை, என் பெண் தப்பித்தாள் என்று இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி அவர் தோளைப் பிடித்தேன்.

"யாருய்யா இது? கையும் களவுமா மாட்டினியா?"

அந்தப் பெண் திரும்பினாள். என் மகள்.

அவர் தோளில் வைத்த கையை எடுக்க மறந்தேன். பின்னாலிருந்து, "சார், உக்காருங்க சார், மறைக்குது" என்று யாரோ கத்தினார்கள்.

"உக்காருங்கப்பா. பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியல" என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் காலியாக இருந்த சீட்டில் உட்காரவைத்தாள். லிஃப்ட்காரர் இன்னொரு கப்பைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே குந்திவிட்டார். அதை எனக்குக் கொடுப்பதா, வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரி டியூட்டி?" என்றேன்.

"எனக்குச் சனிக்கிழமை டியூட்டியே கிடையாதுப்பா."

"இந்த ஆளு உன்னைக் கெடுத்துட்டாரா?"

"நான்தான் அவரைக் கெடுத்தேன். அவருக்கு ஃபுட்பாலே தெரியாது. லிஃப்ட் ஓடுதா நிக்குதான்னு பாக்க வர்றவரு. லிஃப்ட் ரூம்ல டிவியை மூலையில உசரத்துல மாட்டி வச்சிருக்காங்க, அதுல எப்பவாச்சும் பாப்பாரு. பட்டறைன்னு சொல்லச் சொன்னதே நான்தான். கேட்டு, டீ, எல்லாம் நான் சொல்லிக்குடுத்தது."

"அப்ப அந்தத் தூணு?"

அவள் கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தாள்.

"இடது பக்க கோல் சுத்தமாத் தெரியாதுன்னாரே. அதுவும் நீ சொன்னதா? சாஞ்சாத் தெரியும்தானே?"

"உங்க சீட்லேர்ந்து தெரியும்பா."

ஏழு வயதில் அவளை முதல் தடவையாகப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். அடுத்தடுத்து இரண்டு சீட். வலது பக்க சீட் எனக்கு, இடது பக்க சீட் அவளுக்கு. ஆட்டத்தின் நெளிவுசுளிவு தெரிந்தவன் நான், சின்னப் பெண் எங்கே உட்கார்ந்தால் என்ன என்று நினைத்திருப்பேன். நினைத்தேனா என்றுகூட ஞாபகம் இல்லை. அந்தச் சீட்டில் நான் ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"என் சீட்டுக்கு நேர் முன்னாடி தூணு. எல்லாரும் சாயும்போது நானும் சாய்வேன். சாஞ்சா உங்க தோள்தான் இருக்கும்."

"அப்ப கோல் விழுந்தா?"

"உங்க மூஞ்சியைப் பாப்பேன். நீங்க குதிச்சா கோலு. தலையில கைய வச்சுக்கிட்டா வெளிய போயிடுச்சுன்னு அர்த்தம். நீங்க குதிச்சா நானும் குதிப்பேன்."

பட்டறையே அதிரும்போது இவள் மைதானத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது எனக்குத் தெரியும். மச்சானிடமும், வீட்டிலும், வண்டி பார்க்கப் போகிற ஒர்க்‌ஷாப்களிலும் அதைச் சொல்லிச்சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். என் பொண்ணுக்கு கோல் முக்கியமில்லை, அப்பன் சந்தோஷம்தான் முக்கியம் என்று.

"ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"மொத நாளே கேட்டீங்க, எல்லாம் நல்லாத் தெரியுதான்னு. தெரியுதுன்னு சொன்னேன். தெரியலன்னா அடுத்த தடவை கூட்டிட்டுப் போவீங்களோ மாட்டீங்களோன்னு பயம். அப்புறம் எப்படிப்பா மாத்திச் சொல்றது? உங்ககூட வர்றதுக்காகத்தான் வந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "பெரியவளானப்புறம் இன்னொரு கஷ்டம். பொம்பளைங்களுக்கு அங்க ஒரே பாத்ரூம், அதுவும் அந்தக் கோடியில. தாழ்ப்பாள் கிடையாது. மேட்ச் அன்னைக்குக் காலையிலேர்ந்து நான் தண்ணி குடிக்க மாட்டேன்" என்றாள்.

நான் அவளுக்கு வாங்கிக் கொடுக்கும் ஜூஸைத் தொடாமல் வைத்திருப்பாள். என் பெண்ணுக்கு இனிப்பே பிடிக்காது என்று சொல்லிக்கொண்டு நான்தான் அதை எடுத்துக் குடிப்பேன்.

இவள் சொல்வதில் எங்காவது பொய் இருக்கிறதா என்று என் மனம் தட்டித்தட்டிப் பார்த்தது. பழக்கதோஷம். எங்காவது ஒரு சுத்தியல் அடி தெரியாதா என்று தேடினேன். இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"லேப்ல கூட வேலை பாக்கறவ ஒரு நாள் இங்க கூட்டிட்டு வந்தா. வந்து உக்காந்தா எல்லாம் தெரியுது. எனக்கு ஃபுட்பால் புடிக்கும்னு எனக்கே அன்னைக்குத்தான்பா தெரிஞ்சுது" என்றாள். "சத்தம் மட்டும் அங்கதான் நல்லாருக்கும். அது இங்க வராது. அதுக்காக எத்தனையோ நாள் ஏங்கியிருக்கேன்."

நான் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தேன்.

"அவரு பொய்யரு இல்லப்பா. நீங்க மனசு ஒடைஞ்சு போவீங்கன்னு நான் பயந்து, எனக்காகச் சொன்னாரு. சொல்லிட்டு அன்னைக்கு வீட்டுக்குப் போய்த் தூங்கவே இல்லையாம். வேண்டாம்னு சொல்றதுன்னா அவரைச் சாக்கு வச்சு அம்மாகிட்ட சொல்லாதீங்க. பொய் சொன்னது நான். என்கிட்டயே சொல்லுங்க."

லிஃப்ட்காரரைப் பார்த்தேன். படியில் குந்தியபடியே, ஆறிப்போன டீயைச் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டிருந்தார். கழுத்து அட்டையில் இருந்த போட்டோவில்கூட அவர் பயந்துபோய்த்தான் இருந்தார். இந்த மனுஷனையா நான் பாப்கார்ன் கடைக்குப் பின்னால் ஒளிந்து உளவு பார்த்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

"கட்டிக்கோம்மா" என்றேன்.

அந்த நேரம் பார்த்துக் கூட்டம் மொத்தமும் எழுந்துவிட்டது. சத்தமே இல்லாத இடம் என்று நான் சொன்ன அந்த இடத்தில் அப்படி ஒரு சத்தம். நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் நின்றதால் உட்கார்ந்திருந்த எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன. பந்து எங்கே, அடித்தது யார், உள்ளே போனதா வெளியே போனதா, ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் என் மகள் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கியிருந்தாள். கண் அகல, வாய் அகல, மைதானத்தையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் கோல் என்று எனக்குத் தெரிந்தது.

நான் சொன்னதை இன்னொரு தடவை சொல்வதற்காக அவள் உட்காரும்வரை காத்திருந்தேன்.